எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு

பேங்க் ஆளு, வட்டி, வரி, வீட்டுக் கடன்னு ஏதாவது எழுதியிருப்பான்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு எலியைப் பத்தித்தான் எழுதப் போறேன். சிரிக்காதீங்க, விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

ஐப்பசி, கார்த்திகை வந்தா எங்க தடா பக்கம் மழை பிடிச்சுக்கும். வயல்ல தண்ணி நிக்கும். வளை முங்கினதும் எலி மேடு தேடி வரும். மேடுன்னா எது? நம்ம வீடுதான். உடனே ஊர்ல இருந்து போன்ல புலம்பல் வரும். "அரிசி மூட்டையை ஓட்டை போட்டுடுச்சுப்பா, ராத்திரி பரண் மேல ஓடுது, தூக்கமே இல்ல." கால்கரியில, துபாயில, சிங்கப்பூர்ல உக்காந்திருக்கிற பிள்ளை உடனே என்ன சொல்லுவான்? "கடையில எலி மருந்து வாங்கி வைம்மா." இன்னும் கொஞ்சம் வசதியான பிள்ளையா இருந்தா, "ஒரு கம்பெனியைக் கூப்பிடு, பணம் நான் அனுப்பறேன்." முடிஞ்சது கடமை. போனை வெச்சுட்டு ஹாக்கி பார்க்கப் போயிடுவான்.

என் வாதம் இதுதான்: எழுபது வயசு அம்மாவும் லீவுக்கு வந்த பேரப்பிள்ளையும் இருக்கிற வீட்டுக்குள்ள ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருந்து விஷத்தை அனுப்பி வைக்கிற இந்தப் பழக்கம் நிக்கணும். இது பாசமும் இல்லை, பொறுப்பும் இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைன்னு நம்ம பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

என்ன மருந்துன்னு தெரியுமா?

"எலி மருந்து"ன்னு ஒரே பேரா சொல்றோம். அதுல குறைஞ்சது மூணு சாதி இருக்கு. மூணும் மூணு விதமா வேலை செய்யும்.

முதலாவது, டியூப்ல வர்ற பேஸ்ட். பெட்டிக்கடையில, மளிகைக் கடையில தொங்கிக்கிட்டு இருக்கும். பெரும்பாலும் உள்ளே இருக்கிறது மஞ்சள் பாஸ்பரஸ். இது உள்ளே போனா கல்லீரலைத் தின்னும். இதுக்கு மாற்று மருந்து கிடையாது. திரும்பச் சொல்றேன், கிடையாது. இதுல ஒரு கொடுமை என்னன்னா, முதல் நாள் வாந்தி, வயித்து வலி வந்து அடங்கிடும். அடுத்த ஒண்ணு ரெண்டு நாள் ஆள் நல்லா நடமாடுவார். "ஒண்ணும் இல்ல, சரியாப் போச்சு"ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவாங்க. அப்புறம்தான் மஞ்சள் காமாலை, ரத்தக் கசிவு, நினைவு தப்பறது எல்லாம். அதனால யாராவது தெரிஞ்சோ தெரியாமலோ இதை வாயில வெச்சுட்டா, ஆள் நல்லா இருக்காரேன்னு வீட்டிலேயே வெச்சுக்காதீங்க. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. டியூபையும் கையோட எடுத்துட்டுப் போங்க. வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்கள்ல பிளாஸ்மா மாத்தி சில பேரைக் காப்பாத்தறாங்க. ஆனா சீக்கிரம் போகணும்.

ரெண்டாவது, பாஸ்பைடு வகை. துத்தநாக பாஸ்பைடு கறுப்புப் பொடி, அலுமினிய பாஸ்பைடு மாத்திரை. ஈரம் பட்டா, இல்லை வயித்து அமிலம் பட்டா, பாஸ்பீன்னு ஒரு வாயு கிளம்பும். அலுமினிய பாஸ்பைடு தானியக் கிடங்குக்கு, காத்துப் புகாம மூடி, பயிற்சி எடுத்த ஆள் வைக்க வேண்டியது. மனுஷன் படுத்துத் தூங்கற வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, பக்கத்து அறையிலும் இல்லை. இதுக்கும் மாற்று மருந்து கிடையாது.

மூணாவது, ரத்தம் உறையாம பண்ற வகை. வார்ஃபரின், புரோமாடயலோன் எல்லாம் இதுல சேரும். தின்ன எலி சில நாள் கழிச்சுத்தான் சாகும். அதனாலதான் கடைக்காரர், "இது ஸ்லோ சார், பேஸ்ட்தான் பெஸ்ட்"னு சொல்வார். ஆனா இந்த ஒரு வகைக்குத்தான் மாற்று இருக்கு: வைட்டமின் கே. மெதுவா வேலை செய்யறதுதான் இதோட நல்ல குணமே, மனுஷனுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் கிடைக்கும்.

இப்ப சொல்லுங்க. "மருந்து வாங்கி வைம்மா"ன்னு சொன்னீங்களே, இந்த மூணுல எது? உங்களுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. வித்த கடைப் பையனுக்குச் சுத்தமாத் தெரியாது.

குன்றத்தூரை மறந்துட்டோமா?

2024 நவம்பர்ல சென்னைக்குப் பக்கத்துல குன்றத்தூர்ல ஒரு அடுக்குமாடி வீடு. எலித் தொல்லைக்குப் பூச்சி ஒழிப்புக் கம்பெனியைக் கூப்பிட்டாங்க. ஆள் வந்து மருந்து வெச்சுட்டுப் போனார். ராத்திரி குடும்பம் ஏ.சி. போட்டு, கதவைச் சாத்திப் படுத்தது. விடியறதுக்குள்ள எல்லாருக்கும் வாந்தி, மூச்சுத் திணறல். ரெண்டு சின்னக் குழந்தைங்க செத்துப் போச்சுங்க. பெத்தவங்க ஆஸ்பத்திரியில.

அந்தப் பெத்தவங்க தப்பு என்ன பண்ணாங்க? காசு கொடுத்து, "தொழில் தெரிஞ்ச" ஆளைத்தானே கூப்பிட்டாங்க? நாமளும் அதைத்தானே ஊருக்குச் சொல்றோம்? வாட்ஸப்ல அந்தச் செய்தியை ஃபார்வர்டு பண்ணி, ரெண்டு அழுகைப் பொம்மை போட்டவங்க எத்தனை பேர் அதே வாரம் ஊருக்குப் போன் பண்ணி, "நம்ம வீட்டுல என்ன மருந்து வெச்சிருக்கு?"ன்னு கேட்டீங்க?

எங்க வீட்டுக்கும் ஒரு கம்பெனி வந்தது. பேர் வேண்டாம். வந்தவர் அடுப்பாங்கரையில, கட்டிலுக்கு அடியில, பூஜை அறையிலன்னு பொட்டலம் வெச்சுட்டுப் போனார். நான் போன்ல கூப்பிட்டு, "என்ன கெமிக்கல்?"னு கேட்டேன். "ஸ்பெஷல் மருந்து சார், இம்போர்ட்டட்"னார். பேர் கேட்டேன், சொல்லலை. பில் கேட்டேன், "பெஸ்ட் சர்வீஸ்"னு ஒரே வரி. எத்தனை பொட்டலம், எங்கெங்க வெச்சீங்கன்னா, "அதெல்லாம் பயப்படாதீங்க சார்." பேங்க்ல அஞ்சாயிரம் ரூபாய் வித்டிராவலுக்கு ரெண்டு கையெழுத்து வாங்கறோம். வீட்டுக்குள்ள விஷம் வைக்க ஒரு துண்டுச் சீட்டு கூட வேண்டாமாம். அன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்.

சட்டம் ஆரம்பாக்கத்தோட நின்னுடுமா?

இந்தியாவுல 1968ல இருந்து பூச்சிக்கொல்லிச் சட்டம் இருக்கு. பதிவு பண்ணாத விஷத்தை எலி மருந்துன்னு விக்கக் கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்டுக்கு அந்தப் பதிவே இல்லை. அதாவது தமிழ்நாடோ ஆந்திராவோ, அது கடையில தொங்கறதே சட்ட விரோதம். தமிழ்நாட்டுல இதனால செத்தவங்க கணக்கு பெருசாப் போய், டாக்டருங்க கத்திக் கத்தி, 2022-23ல மாநில அரசு தனியாவும் தடை போட்டது. நல்ல விஷயம்.

ஆனா எங்க ஊர் எங்க இருக்கு? ஆரம்பாக்கம் தாண்டினா தடா. அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் ஆந்திரா. பஸ்ல உக்காந்து பர்ஸை எடுக்கறதுக்குள்ள மாநிலம் மாறிடும். 2022 ஏப்ரல்ல நெல்லூர் மாவட்டத்துல இருந்து எங்களைப் பிரிச்சுத் திருப்பதி மாவட்டத்துல சேர்த்தாங்க. போர்டு மாறினது, எலி மாறலை. ஒரு மாநிலத்தோட தடை எல்லைக்கோட்டோட முடிஞ்சுடும், ஒரு டியூப் சட்டைப் பாக்கெட்ல அடங்கும். எல்லை ஊர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ரெண்டு அரசாங்கமும் ஒண்ணா உக்காந்து கடை கடையா ஏறினாத்தான் இது தீரும். அது வரைக்கும் வாங்கறதை நிறுத்தற அதிகாரம் நம்ம கையில இருக்கு.

"சாகணும்னு முடிவு பண்ணவங்களுக்கு இது இல்லாட்டி இன்னொண்ணு"ன்னு ஒரு வாதம் வரும், தெரியும். அது தப்பு. நம்ம பக்கத்து இலங்கையைப் பாருங்க. 1995ல உலகத்துலேயே தற்கொலை அதிகமான நாடுகள்ல ஒண்ணு அது. அந்த வருஷம் கொடிய பூச்சி மருந்துகளைத் தடை பண்ணாங்க, 1998ல எண்டோசல்ஃபான். அடுத்த பத்து வருஷத்துல தற்கொலை விகிதம் பாதியாச்சு. யுத்தம் நடந்த காலம் அது, கஷ்டம் ஒண்ணும் குறையலை. கைக்கெட்டற தூரத்துல இருந்த விஷம் குறைஞ்சது, அவ்வளவுதான். கோபமும் துக்கமும் ஒரு மணி நேரத்துல தணியும். அந்த ஒரு மணி நேரம் வீட்டு அலமாரியில அந்த டியூப் இருக்கக் கூடாது. (ஊர்ல யாருக்காவது மனசு சரியில்லைன்னா 14416ன்னு டெலி மானஸ் எண் இருக்கு, காசு கிடையாது, தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் பேசலாம். குறிச்சு வெச்சுக்கோங்க.)

நான் இருக்கிற ஊர் என்ன பண்ணுச்சு?

நான் குப்பை கொட்டற ஆல்பர்ட்டா மாகாணம் தமிழ்நாடும் ஆந்திராவும் சேர்ந்ததைப் போல ரெண்டு மடங்குக்கு மேல பெருசு. இங்கே எலி கிடையாது. நிஜமாத்தான். 1950ல கிழக்கு எல்லையில ஒரு பண்ணையில எலி கண்டுபிடிச்சாங்க. அதோட முழிச்சுக்கிட்டு, சாஸ்கட்செவன் எல்லை ஓரமா ஒரு நீளப் பட்டையைக் கட்டுப்பாட்டு மண்டலமா அறிவிச்சு, இன்னைக்கு வரைக்கும் காவல் காக்கறாங்க. முதல்ல அவங்களும் ஆர்சனிக்தான் போட்டாங்க. 1953ல வார்ஃபரின் வந்ததும் அதுக்கு மாறிட்டாங்க. 2012ல மெடிசின் ஹேட் ஊர்க் குப்பைக் கிடங்குல ஒரு எலிக் கூட்டம் கிளம்பினப்ப ஊரே அல்லோலகல்லோலப்பட்டது, பேப்பர்ல முதல் பக்கம்.

நாம அதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. இங்கே மேற்கே மலை, வடக்கே உறைபனி. காவல் காக்க ஒரே ஒரு பக்கம்தான். தடாவுல பழவேற்காடு ஏரி ஒரு பக்கம், நெல் வயல் ஒரு பக்கம், தேசிய நெடுஞ்சாலையில லாரி ஒரு பக்கம். எலியே இல்லாத ஊர் நமக்கு நடக்காது. எடுத்துக்க வேண்டிய பாடம் வேற. இங்கே எலி பொதுப் பிரச்சினை. நிலம் வெச்சிருக்கிற ஒவ்வொருத்தருக்கும் சட்டப்படி பொறுப்பு, கூப்பிட்டா அரசாங்க ஆள் வருவார். கனடா முழுக்க 2013ல இருந்து சாதாரண ஜனங்களுக்கு விக்கற எலி விஷம் குழந்தை கை நுழையாத பூட்டுப் பெட்டிக்குள்ளதான் வரணும். இந்த ஊர்ல அந்தப் பெட்டியைப் பார்த்து, "அட, என்ன சேஃப்டி!"ன்னு மெச்சிக்கற நம்ம ஆட்கள்தான் ஊருக்குப் போன் போட்டு, "பேஸ்ட் வாங்கி ரொட்டியில தடவி வை"ங்கறாங்க. இது என்ன நியாயம்?

முதல்ல யார்னு பாருங்க

வீட்டுக்குள்ள ஓடறது எல்லாம் எலி இல்லை. சுவரோரமா கீச்கீச்னு கத்திக்கிட்டு, நீள மூக்கோட, ஒரு கெட்ட வாடையோட போறது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான், பூச்சி தின்னும். பிள்ளையார் வாகனத்தைக் கொன்னுட்டுக் கரப்பான் அதிகமாச்சுன்னு இன்னொரு மருந்து வாங்கறவங்க உண்டு!

புழுக்கை அரிசி மணி அளவுக்குள்ள இருந்தா சுண்டெலி. பென்சில் நுழையற ஓட்டை அதுக்குப் போதும். புழுக்கை அரை அங்குலம், உடம்பை விட வால் நீளம், பரண், ஓடு, தென்னை மரத்துல நடமாட்டம்னா வீட்டு எலி. அது கட்டை விரல் நுழையற சந்துல வரும். வெளியில மண்ணைக் குவிச்சுப் பெரிய வளை, சாக்கடை ஓரம், செப்டிக் டேங்க் பக்கம்னா பெருச்சாளி. ஏறுறவனுக்கு மேல அடைக்கணும், தோண்டறவனுக்குக் கீழ அடைக்கணும். யார்னு தெரியாம மருந்து வைக்கிறது, கணக்கு நம்பர் பார்க்காம பணம் போடற மாதிரி.

ஒரு காமர்ஸ் கணக்கு

எலி மருந்து வருவாய்ச் செலவு. வருஷா வருஷம் உண்டு. ஓட்டை அடைக்கறது மூலதனச் செலவு. ஒரு தடவை போட்டா பல வருஷம் நிக்கும். எலிக்கு மூணு வாரம்தான் கர்ப்பம், ஒரு ஈத்துக்கு ஆறு, எட்டு குட்டி. பத்தைக் கொன்னா, சாப்பாடும் இடமும் அப்படியே இருக்கிற வரைக்கும் பதினொண்ணு வரும். எலி எண்ணிக்கையைத் தீர்மானிக்கறது உங்க மருந்து இல்லை, உங்க அரிசி மூட்டை.

அதனால அனுப்பற பணத்தை இதுக்கு அனுப்புங்க:

- ஒரு கொத்தனாரை ஒரு நாள் கூப்பிட்டு, பைப் நுழையற இடம், ஏ.சி. ஓட்டை, சுவர் விரிசல் எல்லாத்தையும் சிமெண்ட் வெச்சு அடைக்கச் சொல்லுங்க. ஜன்னலுக்கும் வெண்டிலேட்டருக்கும் கால் அங்குல இரும்பு வலை. பிளாஸ்டிக் வலையை எலி பல் தேய்க்கற மாதிரிக் கடிச்சுடும்.
- கதவுக்கு அடியில தகரப் பட்டை. குளியலறைத் தண்ணி போற ஓட்டைக்கு இரும்பு ஜாலி.
- அரிசி, பருப்பு, கோழித் தீவனத்துக்கு மூடி போட்ட தகர டிரம் அல்லது எவர்சில்வர் டப்பா. சாக்கு மூட்டை வேண்டாம்.
- மொட்டை மாடி மேல சாயற மரக்கிளை, தென்னை மட்டையை வெட்டுங்க.
- கூண்டுப் பொறி, அடிப்பொறி. சுவரை ஒட்டி வைங்க. எலி புதுப் பொருளைச் சந்தேகப்படும், அதனால ரெண்டு மூணு நாள் பூட்டாம தீனி மட்டும் வெச்சுப் பழக்கிட்டு அப்புறம் பூட்டணும். ஒண்ணு போதாது, அஞ்சாறு வேணும்.
- புழுக்கையைக் காய்ஞ்சபடி பெருக்கக் கூடாது. பிளீச்சிங் தண்ணி தெளிச்சு, கையுறை போட்டுத் துடைக்கணும். எலிக்காய்ச்சல் எலி மூத்திரத்துல இருந்து வருது, மழைக் காலத்துல வெறுங்கால்ல தேங்கின தண்ணியில நடக்கறதும் ஆபத்து.

கடை, ஹோட்டல், கோடவுன் வெச்சிருக்கறவங்க, ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்குச் சாப்பாடு சப்ளை பண்றவங்க, மருந்து இல்லாம முடியாதும்பீங்க. ஒத்துக்கறேன். அப்ப ரத்தம் உறையாத வகையை மட்டும், பூட்டுப் பெட்டியில, நம்பர் போட்டு, ரிஜிஸ்டர் வெச்சு வைங்க. வர்ற கம்பெனிகிட்ட நாலு கேள்வி கேளுங்க. மருந்தோட பேர் என்ன? உங்க லைசென்ஸ் எங்க? இதுக்கு மாற்று மருந்து என்ன? எத்தனை இடத்துல வெச்சீங்க, மிச்சத்தை எப்ப எடுப்பீங்க? நாலையும் எழுத்துல வாங்குங்க. ஒண்ணுக்குப் பதில் வரலைன்னாலும் வாசலோட அனுப்பிடுங்க.

அப்புறம் பூட்டிப் போட்ட மாடி. நம்ம ஆட்கள் கட்டி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திறக்கற அந்த மாடியில ஏர்போர்ட் அட்டைப் பெட்டியும் பழைய மெத்தையும் அடைஞ்சு கிடக்கு. தெருவுல எலிக்கு அதை விட நல்ல பங்களா எது? கீழே அம்மா தூக்கமில்லாம இருக்காங்க, மேலே எலி குடும்பம் நடத்துது. முதல்ல அதைக் காலி பண்ணுங்க.

தொழில் தெரிஞ்சவங்க யார்?

எங்க பக்கம் வயல்ல எலி பிடிக்க யானாதிகளைக் கூப்பிடுவாங்க, திருவள்ளூர் பக்கம் போனா இருளர்கள். வளையைப் பார்த்த உடனே உள்ளே எலி இருக்கா, எத்தனை வாசல், எது புதுசுன்னு சொல்லிடுவாங்க. மத்த வாசலை அடைச்சுட்டு ஒண்ணுல புகை போட்டுப் பிடிப்பாங்க. ஒரு துளி விஷம் கிடையாது. வளைக்குள்ள எலி சேர்த்த நெல்லும் திரும்பக் கிடைக்கும். மண்பானையில வாய் வெச்சு ஊதி ஊதி அவங்க உதடு சுட்டு, நுரையீரல் கெட்டதுதான் மிச்சம். 2021ல 'ஜெய் பீம்' பார்த்துக் கண் கலங்கினோம். 2023ல பாம்பு பிடிக்கற ரெண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தப்ப கை தட்டினோம். ஆனா வயலுக்கு வர்ற ஆளுக்கு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுக்க மனசு வராது. "எலி பிடிக்கறவன்"னு வசவா வேற சொல்லுவோம். பொட்டலம் வெச்சுட்டுப் போற டை கட்டின ஆளுக்குக் கேட்ட பணம் கொடுக்கறோமே, இவங்களுக்கு ஒரு கை சுத்தற ஊதுகருவியும் கௌரவமான கூலியும் கொடுத்தா என்ன குறைஞ்சுடும்? ஊர்ச் சங்கம், கோயில் திருப்பணின்னு வசூல் பண்ற நம்ம குழுக்கள் இதையும் ஒரு தடவை யோசிக்கட்டும்.

"அங்கே உக்காந்துக்கிட்டு உபதேசம் பண்றது சுலபம்"னு பின்னூட்டம் வரும். வரட்டும். அங்கே உக்காந்துக்கிட்டு விஷம் வைக்கச் சொல்றது அதை விடச் சுலபமா இருக்கே, அதைத்தான் கேக்கறேன்.

இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் பேசும்போது ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வீடியோ கால்ல அம்மாவை அலமாரி, பரண், கட்டிலுக்கு அடியில காட்டச் சொல்லுங்க. டியூபோ, பேர் இல்லாத பொட்டலமோ, மாத்திரையோ இருந்தா வெறுங்கையால தொட வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம், குழந்தைங்க கைக்குப் போக வேண்டாம்னு சொல்லுங்க. விவரம் தெரிஞ்ச ஒருத்தரை அனுப்பி எடுக்க ஏற்பாடு பண்ணுங்க. அடுத்த போன் கொத்தனாருக்கு.